தேய்ந்துபோன லேத் சக் ஜாவை கிரைண்டிங் செய்தால் பழைய துல்லியம் வருமா, புது சக்கே வாங்கிவிடலாமா?

வரும். ஆனால் ஜாவை, அதாவது லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் கவ்வும் பற்களை, கழற்றி வெளியே எடுத்துப்போய்த் தேய்த்தால் வராது. எங்கள் பட்டறையில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிப்போனது.

உங்களுடையது மூன்று ஜா சக், பிடித்த ஜாப் (கடையும் பொருள்) வெளிமுனையில் ஆடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் கோளாறு ஜாவில்தானா என்று பாருங்கள். சக்கைக் கழற்றிவிட்டு அதைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மூக்கில், ஆட்டம் அளக்கும் டயல் கேஜை வையுங்கள். அங்கேயே ஆட்டம் இருந்தால் ஜாவைத் தொட வேண்டாம். அங்கே சரி என்றாலும், மூன்று ஜாவையும் சேர்த்து நகர்த்தும் சுருள் தட்டான ஸ்க்ரோலில் சீவல் சிக்கியிருக்கலாம், 1, 2, 3 என்ற எண் மாறி ஜா ஏறியிருக்கலாம். எல்லாம் சரி என்றால் நேரான ராடு ஒன்றைப் பிடியுங்கள். முன்பக்கம் ஜாவுக்கும் ராடுக்கும் நடுவில் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா? நுனியைக் கையால் தள்ளினால் டயல் முள் நகர்ந்து வேறு இடத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் ஜா வாய் விரிந்துவிட்டது.

எங்கள் சக்கும் அப்படித்தான் இருந்தது. மேற்பார்வையாளர் மூன்று ஜாவையும் வெளியே கொடுத்து, தட்டையாகத் தேய்க்கும் சர்ஃபேஸ் கிரைண்டரில் தேய்த்து வாங்கி வந்தார். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. மாட்டிப் பார்த்தால் முன்னைவிட மோசம். ஜா தனியாக நேராக இருந்து என்ன பயன்? இறுக்கும்போது, ஜா ஓடும் காடியில் உள்ள தளர்ச்சியால் அதன் முன்பக்கம் வெளியே சாய்கிறது. அந்தச் சாய்ந்த நிலையிலேயே வைத்துத் தேய்த்தால்தான் பிடிக்கும்போது நேராக நிற்கும்.

அப்புறம் இன்னொருவர் வந்து, ஜாக்களைச் சுற்றி வெளியே ஒரு வளையம் போட்டு, ஜாவை விரித்து இறுக்கித் தேய்க்கலாம் என்றார். அதில் அழுத்தம் தலைகீழ். தளர்ச்சி எல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடும்.

நான் செய்தது இது. ஒவ்வொரு ஜாவின் முன்முகத்திலும் கார்பைட் டிரில்லால் சின்னத் துளை போட்டு ஒரு பின் அடித்தேன். மூன்று பின்களுக்கும் நடுவில் தடித்த இரும்பு வளையம் ஒன்றை வைத்து, ஜாப்பைப் பிடிப்பது போலவே உள்நோக்கி இறுக்கினேன். வளையத்தின் துளை பெரியது, கல் தாராளமாக உள்ளே போய்வரும். ஜா முகத்தில் எதுவும் படவில்லை. லேத்தில் வெட்டுளி மாட்டும் இடத்தில் பொருத்தும் டூல் போஸ்ட் கிரைண்டரில் சின்னக் கல், சக் மெதுவான சுற்று, ஒவ்வொரு முறையும் 0.01 மி.மீ. தான். கடைசியில் ஆழம் கொடுக்காமல், தீப்பொறி அடங்கும்வரை கல்லை முன்னும் பின்னும் ஓடவிட்டேன்.

இரண்டு எச்சரிக்கை. லேத்தின் பெட் (அடித்தளம்) முழுக்க ஈரத்துணி போட்டு மூடுங்கள். கல் தூள் ஸ்லைடில் இறங்கினால் சக்கைக் காப்பாற்றி லேத்தைக் கொன்ற கதையாகிவிடும். முடிந்ததும் சக்கை முழுசாகப் பிரித்துக் கழுவ வேண்டும். இன்னொன்று, வெட்டுளியைச் சுமந்து நகரும் கேரேஜின் ஓட்டம் ஸ்பிண்டிலுக்கு இணையாக இல்லையென்றால் ஜாவும் கூம்பாகத்தான் வரும். தடித்த ராடு ஒன்றை, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இல்லாமல் கடைந்து, இரண்டு முனையையும் அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தேய்த்த விட்டத்தில் எனக்கு ஆட்டம் 0.03 மி.மீ.-க்குள் நின்றது. விட்டம் மாறினால் ஸ்க்ரோலின் பிழை அப்படியே இருக்கும், அதை எந்தக் கல்லும் தீர்க்காது. அதனால் நீங்கள் அதிகம் பிடிக்கும் அளவில் வைத்துத் தேய்க்கவும். "பின்பக்கம் சின்ன வட்டைப் பிடித்துத் தேய்த்தேன், நன்றாகவே வந்தது" என்று யாராவது கீழே எழுதுவார்கள். வந்திருக்கும், சண்டைக்கு வரவில்லை. ஜா அதிகம் சாயாத சக் என்றால் அதுவும் போதும். துளையே போடாமல் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு, "அந்தப் பழைய லேத்காரர் ஏதோ சரி பண்ணினாராம்" என்றுதான் பேச்சு. பக்கத்தில் சிஎன்சியில் பட்டன் அழுத்தும் பையன் மட்டும் இன்ஜினியர். போகட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: சக் சாவியில் பைப் மாட்டி இறுக்கும் ஆளை அந்த லேத் பக்கம் விடாதீர்கள். வாய் விரிவதற்கு அதுதான் பாதிக் காரணம். 0.02-க்குள் கட்டாயம் வேண்டும், ஒரே அளவு ஜாப் நிறைய ஓடுகிறது என்றால் இந்தப் பாடே வேண்டாம், கடினப்படுத்தாத சாஃப்ட் ஜா மாட்டி, அதை அந்த லேத்திலேயே ஜாப் அளவுக்குப் போர் பண்ணி (உட்பக்கம் கடைந்து) கொள்ளுங்கள்.