ஆட்டுப்பாலா, கழுதைப்பாலா?

கேள்வி: குழந்தைக்கு நாலு மாதம். எனக்குப் பால் போதவில்லை என்று மாமியார் வெள்ளாட்டுப்பால் கொடுக்கச் சொல்கிறார். தெருவில் வந்த கழுதைப்பாலையும் ஒரு சங்கு ஊற்றினோம். எந்தப் பாலின் அமினோ அமிலம் தாய்ப்பாலுக்கு நெருக்கம்?
(பென்னாகரம் வாசகி)

பதில்: புரதம் என்ற சுவரின் செங்கற்கள்தான் அமினோ அமிலங்கள். அவற்றின் விகிதத்தை மட்டும் பார்த்தால் பசு, எருமை, ஆடு எதுவும் வெகுதூரத்தில் இல்லை. லியூசின் என்ற அமினோ அமிலம் எல்லாவற்றிலும் புரதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் சிஸ்டீன் என்ற இன்னொன்று தாய்ப்பாலில் அதிகம், மாட்டுப்பாலில் மெத்தியோனின் என்பது அதிகம். மெத்தியோனினைச் சிஸ்டீனாக மாற்றும் நொதி, பிறந்த புதிதில், அதிலும் குறைமாதக் குழந்தைகளின் கல்லீரலில், முழுதாக வேலை செய்யாது.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. 100 மில்லி தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 கிராம். பசும்பாலிலும் ஆட்டுப்பாலிலும் 3 கிராமுக்கு மேல், எருமைப்பாலில் 4-ஐ ஒட்டி. மிஞ்சிய புரதம் யூரியாவாகும். அதை வெளியேற்றச் சிறுநீரகம் நிறையத் தண்ணீர் கேட்கும். வயிற்றுப்போக்கு வந்தால் குழந்தை சீக்கிரம் வற்றிவிடும்.

தண்ணீர் கலந்தால் சரியாகாதா? ஒரு பங்கு பசும்பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் புரதம் 1 கிராமுக்கு வரும். ஆனால் 100 மில்லியில் இருந்த 65 கலோரியும் 22 ஆகிவிடும். வயிறு நிறையும், எடை ஏறாது.

ஆட்டுப்பாலில் டாரின் என்ற அமினோ அமிலம் நிறைய என்பது உண்மை. ஃபோலிக் அமிலமோ மிகக் குறைவு. அதையே கொடுத்து வந்தால் இரத்தசோகை வரும். புரத அளவில் கழுதைப்பால்தான் நெருக்கம், 1.5 முதல் 1.8 கிராம். ஆனால் கொழுப்பு பெரும்பாலும் 1 கிராமுக்கும் கீழே. காய்ச்சாமல் ஊற்றுவதால் கிருமி பயமும் உண்டு. இனி வேண்டாம்.

முதலில் பால் உண்மையிலேயே குறைவா என்று பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, மாதம் அரைக் கிலோ அளவுக்கு எடை கூடினால் பால் போதும். அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவிலும் சேர்த்து எட்டு முறையாவது கொடுங்கள். எடை நின்றுபோயிருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பால்பவுடர் எழுதினால், டப்பாவில் போட்ட அளவுப்படி முதலில் தண்ணீர், பிறகு தலைதட்டிய கரண்டி. சிக்கனத்துக்காகத் தண்ணீர் கூட்டக் கூடாது.

ஒரு வயதுக்குப் பிறகு காய்ச்சிய பசும்பால் தாராளமாகத் தரலாம், நாளைக்கு அரை லிட்டருக்குள். நம் ஊர் ராகிக் கூழில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பால் ஊற்றினால் அந்தக் குறை தீரும்.