எண்ணெயில் 'நிகர ஆற்றல்' குறைகிறது என்றால் என்ன?

கச்சா எண்ணெய் எடுப்பதற்கே ஆற்றல் செலவாகிறது. துளை போட, பம்ப் ஓட்ட, சுத்திகரிக்க எல்லாவற்றுக்கும்தான். கிடைத்த ஆற்றலில் இந்தச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது நிகர ஆற்றல். அது காலப்போக்கில் குறைந்துகொண்டே வருகிறது, ஏனென்றால் சுலபமாகக் கிடைப்பதைத்தான் யாரும் முதலில் எடுப்பார்கள்.

1901-இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் சுமார் 1,140 அடி துளைத்ததுமே எண்ணெய் தானாகப் பீறிட்டு அடித்தது, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பீப்பாய், பம்ப்பே தேவைப்படவில்லை. இன்று கனடாவின் ஆல்பர்ட்டாவைப் பாருங்கள்: மணலோடு தார்போல ஒட்டிக் கிடக்கும் 'பிட்டுமன்' என்ற கெட்டியான எண்ணெயை, ஒரு பீப்பாய்க்குச் சுமார் இரண்டு டன் மணல் வீதம் தோண்டி, வெந்நீரில் கழுவிப் பிரிக்கிறார்கள், ஆழத்தில் கிடந்தால் இயற்கை எரிவாயுவை எரித்து நீராவி உண்டாக்கி, அதை நிலத்துக்குள் செலுத்தி இளக்கி எடுக்கிறார்கள். ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு எரிபொருள் போகிறது!

நம் ஊர்க் கிணறு மாதிரிதான். முன்பு ஏற்றம் இறைத்த இடத்தில் இப்போது எண்ணூறு அடி போர் போட்டு மோட்டார் ஓட்டுகிறோம், தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான்.

அப்புறம், "விலை ஏறினால் எதையும் எடுத்துவிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: ஒரு பீப்பாய் எடுக்க ஒரு பீப்பாய் அளவு ஆற்றல் செலவானால், விலை எங்கே போனாலும் எரிபொருளாக நமக்கு எதுவும் மிஞ்சாது.