தொடர்புப் படிவத்தை மாற்றத் தீமின் கோப்புகளை நகலெடுக்கத்தான் வேண்டுமா?

வேர்ட்பிரஸ் என்ற தளமேலாண்மை மென்பொருளில் இயங்கும் ஒரு தளத்தின் தொடர்புப் படிவத்தில் இரண்டு புலங்களை (நிரப்பும் கட்டங்களை)க் கூட்ட வேண்டும், தோற்றத்தையும் மாற்ற வேண்டும். அதற்குத் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் கோப்பை நேரடியாகத் திருத்தலாமா, அதைச் சார்ந்து இயங்கும் சேய் தீம் ஒன்றை அமைத்து அதற்குள் நகலெடுத்துத் திருத்த வேண்டுமா, அதே வகை மென்பொருள்களான ஜூம்லாவிலும் ட்ரூபலிலும் வழி வேறா என்பது கேள்வி. நேரடியாகத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அத்தனையும் அழிந்துவிடும் என்பதைப் பலரும் அறிவார்கள். ஆகவே அது வேண்டாம். ஆனால் அதற்கு மாற்றாக எல்லோரும் கைகாட்டுகிற நகலெடுக்கும் முறையிலும் சிக்கல் இருக்கிறது. நீங்கள் கேட்டிருக்கும் மாற்றத்துக்குப் பெரும்பாலும் நகலே தேவைப்படாது. வேறு யாரோ அமைத்துவிட்டுப் போன தளங்களைப் பராமரிப்பதே பல ஆண்டுகளாக என் வேலையாக இருப்பதால், நகல்கள் பின்னாளில் என்ன செய்யும் என்பதைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் நகல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வேர்ட்பிரஸ் சேய் தீமில் ஸ்டைல் கோப்பின் தலைப்பகுதியில் ‘டெம்ப்ளேட்’ என்ற வரி ஒன்று உண்டு. தாய்த் தீமின் கோப்புறைப் பெயர் அதில் பிழையின்றி இருந்தால், சேய்த் தீமில் அதே பெயரில் நீங்கள் வைக்கும், பக்கத்தின் அமைப்பை வரையறுக்கும் வார்ப்புருக் கோப்பு தாயின் கோப்பை முந்திக்கொள்ளும். தீமின் செயல்பாட்டு நிரல் இருக்கும் ‘ஃபங்ஷன்ஸ்’ கோப்பு மட்டும் இதற்கு விலக்கு. அது தாயின் கோப்பை மாற்றீடு செய்வதில்லை. இரண்டும் இயங்கும், சேயினுடையது முதலில் இயங்கும். இதை அறியாமல் தாயின் ஃபங்ஷன்ஸ் கோப்பை அப்படியே சேய்க்குள் நகலெடுத்தால், ஒரே பெயரில் ஒரு செயற்கூறு இரு முறை அறிவிக்கப்பட்டு, தளமே முடங்கிவிடும். ஜூம்லாவில் தீமுக்கே வார்ப்புரு என்று பெயர்; அதன் கோப்புறைக்குள் ‘எச்டிஎம்எல்’ என்ற உட்கோப்புறையில், மூலக் கோப்பைத் தரும் கூறின் (காம்பொனன்ட்) பெயரையும் காட்சியின் பெயரையும் பின்பற்றிக் கோப்பை வைத்தால் போதும். ட்ரூபலில் 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து ட்விக் மொழியில் வார்ப்புருக்கள் எழுதப்படுகின்றன. ட்விக்கின் பிழைத்திருத்த வசதியை இயக்கிவிட்டுப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் எந்தெந்தப் பெயர்களில் கோப்பு வைக்கலாம், இப்போது பயன்பாட்டில் இருப்பது எது என்பதைக் குறிப்புரைகளாக அதுவே எழுதிக்காட்டும். இந்த ஒரு வசதிக்காகவே ட்ரூபலின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. நகலெடுத்த கோப்பு அன்றைய தேதியிலேயே உறைந்துவிடுகிறது. மூலக் கோப்பில் பின்னர் ஒரு பாதுகாப்புக் குறை சரிசெய்யப்பட்டாலும், அணுகல்தன்மைக்காக ஒரு பண்பு சேர்க்கப்பட்டாலும், உங்கள் தளத்துக்கு அது வந்து சேராது. புதுப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் வந்து சேரும். வேர்ட்பிரஸில் இணையக் கடை நடத்த உதவும் செருகுநிரலான (கூடுதல் வசதி தரும் துணைநிரலான) வூகாமர்ஸ் தன் வார்ப்புருக்களின் தலையில் பதிப்பெண்ணை எழுதிவைத்து, காலாவதியான நகல்களை நிலவர அறிக்கையில் பட்டியலிடுகிறது. ஜூம்லாவும் 4ஆம் பதிப்பிலிருந்து, மூலம் மாறிவிட்ட மேலீடுகளை (மூலத்தை முந்தும் நகல்களை)க் குறித்து நிர்வாகிக்கு அறிவிக்கிறது. பெரும்பாலான மற்ற தீம்களிலும் செருகுநிரல்களிலும் இப்படிச் சொல்ல எவரும் இல்லை. அதனால் ஒரு மாற்றத்தை முதலில் அமைப்புப் பக்கத்திலேயே செய்ய முடியுமா என்று தேடுகிறேன். முடியாவிட்டால் ஸ்டைல் விதிகளால் தீருமா என்று பார்க்கிறேன். அதுவும் போதாதபோதுதான், மூலக் கோப்பைத் தொடாமல் நம் நிரலை இடையில் இணைக்க உதவும் ஹூக்கை நாடுகிறேன். கோப்பை நகலெடுப்பது எனக்குக் கடைசி வழி.

ஹூக் என்றதும் பலர் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. வேர்ட்பிரஸின் கருத்துப் படிவத்தில் ‘இணையதளம்’ என்ற புலம் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கருத்துகளுக்கான வார்ப்புருவை முழுதாக நகலெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில், கருத்துப் படிவத்தின் இயல்நிலைப் புலங்களுக்கென்று ஒரு வடிகட்டி ஹூக் இருக்கிறது. அது தரும் அணியிலிருந்து (புலங்களின் பட்டியலிலிருந்து) ‘யுஆர்எல்’ என்ற ஒரே உறுப்பை நீக்கிவிட்டு அணியைத் திருப்பிக் கொடுத்தால் வேலை முடிந்தது. மொத்தம் ஐந்து வரிகள். ட்ரூபலில் எந்தப் படிவத்தையும் அதன் அடையாளப் பெயரால் பிடித்து மாற்ற ‘ஃபார்ம் ஆல்டர்’ ஹூக் இருக்கிறது. ஜூம்லாவில் படிவம் தயாராகும்போது எழும் நிகழ்வைச் செவிமடுத்து ஒரு சிறு செருகுநிரல் புதிய புலங்களைச் சேர்க்கலாம். இந்த ஐந்து வரிகளைத் தீமுக்குள் எழுதாமல், தனியாக ஒரு சின்னச் செருகுநிரலில் எழுதுவதே நல்லது. நாளை தீமை மாற்றினால் தோற்றம் மாறலாம், படிவத்தின் நடத்தை மாறக் கூடாது.

பக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் பிளாக்குகளாக அடுக்கும் பிளாக் தீம் பயன்படுத்துபவர்களுக்கு இடையில் ஓர் எச்சரிக்கை. 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 முதல், தளத் திருத்தியிலேயே வார்ப்புருக்களை மாற்ற முடிகிறது. அப்படி மாற்றிச் சேமித்த வார்ப்புரு கோப்பில் எழுதப்படுவதில்லை, தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. அதன்பின் கோப்பைவிட அதற்கே முன்னுரிமை. சேய் தீமின் கோப்பை மாற்றி மாற்றிச் சேமித்தும் பக்கம் அசையவே இல்லை என்று ஒரு மதியம் முழுவதும், பக்கத்தின் பழைய நகலைச் சேமித்துவைத்துத் தரும் கேச் மேல் பழிபோட்டுக்கொண்டிருந்தேன். முன்பு யாரோ திருத்தியில் ஓர் இடைவெளியை மாற்றிச் சேமித்திருந்ததுதான் காரணம். அந்த வார்ப்புருவைத் திருத்தியில் மீட்டமைத்ததும் கோப்பு உயிர்பெற்றது.

படிவங்களுக்கு வருவோம். கட்டுரைப் பக்கத்தின் வார்ப்புருவில் தவறு நேர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியும். படிவத்தின் வார்ப்புருவில் நேரும் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் படிவத்தின் முக்கியமான உறுப்புகள் திரையில் காட்டப்படாத மறைபுலங்களாக இருக்கின்றன. ஒரு ட்ரூபல் தளத்தில் படிவத்தை இரண்டு பத்திகளாக அடுக்க வேண்டியிருந்தது. ட்விக் வார்ப்புருவில் பெயர், மின்னஞ்சல், செய்தி, பொத்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்து அச்சிட்டேன். திரையில் மிக அழகாக அமைந்தது. பொத்தானை அழுத்தினால் பக்கம் மீண்டும் ஏறியது, அவ்வளவுதான். பிழைச் செய்தி இல்லை, நன்றிச் செய்தியும் இல்லை, எதுவும் சேமிக்கப்படவும் இல்லை. எந்தப் படிவம் வந்திருக்கிறது என்பதை ட்ரூபலுக்குச் சொல்லும் மறைபுலத்தை நான் அச்சிடவே இல்லை. எடுத்துக் கையாண்ட புலங்களைத் தவிர மீதமுள்ள எல்லாவற்றையும் அச்சிடு என்று சொல்லும் ‘வித்தவுட்’ வடிகட்டியை வார்ப்புருவின் இறுதியில் ஒரு வரியாகச் சேர்த்ததும் சரியாயிற்று. போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் டோக்கனும் இப்படியே மறைபுலமாக வருவதுதான். ட்ரூபலில் அது உள்நுழைந்த பயனர்களுக்கு மட்டும் வருவதால், உள்நுழையாமல் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டக் கூடாது.

வேர்ட்பிரஸில் இதே டோக்கனுக்கு நான்ஸ் என்று பெயர். இயல்நிலையில் அதன் ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம். எப்போது உருவானது என்பதைப் பொறுத்து 12 மணி நேரத்துக்குச் சற்று மேலேயே காலாவதியாகிவிடவும் கூடும். பக்கத்தை மூன்று நாள் கேச்சில் வைத்திருக்கும் தளத்தில், பார்வையாளரிடம் போய்ச் சேரும் படிவத்தில் செத்துப்போன நான்ஸ் இருக்கும். அதைச் சரிபார்க்கும் படிவம் அவருடைய செய்தியை மறுத்துவிடும். உள்நுழைந்த பயனருக்குக் கேச் செருகுநிரல்கள் பொதுவாகப் பழைய நகலைக் கொடுப்பதில்லை என்பதால், நிர்வாகி எத்தனை முறை முயன்றாலும் படிவம் ஒழுங்காக வேலை செய்யும். புகார் சொல்பவருக்கும் சோதிப்பவருக்கும் நடுவில் வாக்குவாதம் வளர்வது இந்த இடத்தில்தான். படிவம் உள்ள பக்கத்தைக் கேச்சிலிருந்து விலக்குங்கள், அல்லது கேச்சின் ஆயுளைப் பத்து மணி நேரத்துக்குள் வையுங்கள்.

சொந்தமாகப் படிவம் எழுதுபவர்களைக் குழப்பும் இன்னொன்று, புலத்துக்கு ஆங்கிலத்தில் ‘நேம்’ என்றே பெயர் வைப்பது. அந்தச் சொல் வேர்ட்பிரஸ் தன் முகவரிகளைப் பிரித்தறியப் பயன்படுத்தும் மாறிகளில் ஒன்று. ஆகவே படிவத்தை அனுப்பியதும், ‘குமார்’ என்ற பெயருள்ள கட்டுரையைக் கேட்கிறார்கள் என்று அது எடுத்துக்கொண்டு, ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 பக்கத்தைக் காட்டும். ‘இயர்’, ‘டே’ போன்ற பெயர்களும் அப்படியே. முன்னொட்டு ஒன்றைச் சேர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

புதிய புலங்களைக் கூட்டும்போது சரிபார்ப்பு விதிகளில் கவனம் வேண்டும். பெயர்ப் புலத்துக்கு ஏ முதல் இசட் வரை என்று விதி எழுதியவர்கள் தமிழில் பெயர் எழுதுபவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சற்று முன்னேறி, யுனிகோடில் ‘எழுத்து’ என்ற வகையை ஏற்கும்படி விதி எழுதினாலும் போதாது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அங்கே ‘குறி’ என்ற வேறு வகையில் வருகின்றன. அந்த விதி ‘மலர’ என்பதை ஏற்கும், ‘மலர்’ என்பதை மறுக்கும். இரு வகைகளையும் சேர்த்தே எழுத வேண்டும். எழுத்தெண்ணிக்கை வரம்பும் இதே போலத்தான்: ‘முருகன்’ நமக்கு நான்கு எழுத்து, உலாவிக்கு ஏழு. ஆங்கிலப் பெயர்களை நினைத்து இருபது என்று வைத்த வரம்பு தமிழில் பாதிப் பெயரோடு நின்றுவிடும். தொலைபேசி எண்ணுக்கு எண் வகைப் புலத்தைக் கொடுக்காதீர்கள். அதற்கென்றே ‘டெல்’ வகை இருக்கிறது. புலத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்புரையை லேபிளுக்குப் பதிலாக வைப்பதும் தவறு, தட்டச்சு செய்யத் தொடங்கியதுமே அது மறைந்துவிடும். ஸ்டைல் விதிகளை எழுதும்போது புலங்களின் எழுத்தளவை 16 பிக்சலுக்குக் கீழே இறக்கினால், ஐஃபோனின் சஃபாரி புலத்தைத் தொட்டவுடன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும்.

உலாவியில் நடக்கும் சரிபார்ப்பு பார்வையாளரின் வசதிக்காக மட்டுமே என்பதால், சர்வரிலும் அதே விதிகளை மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் படிவம் காண்டாக்ட் ஃபார்ம் 7 போன்ற செருகுநிரலில் அமைந்திருந்தால், இரண்டு புலங்களையும் அதன் திருத்தியிலேயே சேர்த்து, தோற்றத்துக்கான விதிகளைச் சேய் தீமின் ஸ்டைல் கோப்பில் எழுதினால் போதும், எந்த வார்ப்புருவையும் நகலெடுக்க வேண்டாம். அதன் மின்னஞ்சல் அமைப்பிலும் புதிய புலங்களின் குறிச்சொற்களைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பார்வையாளர் நிரப்பியது உங்களுக்கு வராது, அந்தச் செருகுநிரல் தானாகச் செய்திகளைத் தரவுத்தளத்தில் சேமிப்பதும் இல்லை. அனுப்புநர் முகவரியாக உங்கள் தளத்தின் டொமைனில் உள்ள முகவரியையே வையுங்கள். பார்வையாளரின் மின்னஞ்சலை அங்கே வைத்தால், அவருடைய டொமைனின் பெயரில் உங்கள் சர்வர் அஞ்சல் அனுப்புவதாகப் பெறுநரின் சர்வர் கண்டுபிடித்து ஸ்பேமில் தள்ளிவிடும். அவர் முகவரி ‘பதில் முகவரி’ வரியில் இருக்கட்டும். இவற்றைச் செய்துவிட்டு, உள்நுழையாத ஒரு மறைநிலைச் சாளரத்திலிருந்து உங்கள் பெயரைத் தமிழில் எழுதி ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள், மறுநாள் அதே நேரத்தில் இன்னொன்றும் அனுப்புங்கள்.