வெள்ளை மாடும் இரண்டு லட்ச ரூபாய் கேமராவும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம்ங்க. கோபியில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும்தான். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறேன், வெள்ளை மாடெல்லாம் சாம்பல் பூசின மாதிரி வந்திருக்கிறது. வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் எடுத்த பறவைகள் வெறும் புள்ளிகளாகத் தெரிகின்றன. ஃபுல் ஃப்ரேம் கேமரா, அதாவது படம் பதியும் சென்சார் இதைவிடப் பெரிதாக இருக்கும் கேமரா வாங்கினால்தான் சரியாகும் என்கிறார்கள் நண்பர்கள். இரண்டு லட்சம் ஆகும், தவணையில் வாங்கலாமா?

அன்புள்ள தம்பி,

வேண்டாம், இப்போது வாங்காதீர்கள்.

நீங்கள் சந்தையில் எடுத்த காங்கேயம் பசு ஏறக்குறைய வெள்ளை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு அது தெரியாது, எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். படம் முழுக்க வெள்ளை மாடு நின்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், மாடு சாம்பலாகிவிடும். கறுப்பு நிறக் காரி மாட்டை எடுத்தால் இதற்கு நேர்மாறாகக் கறுப்பு வெளுத்துப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் பிளஸ், மைனஸ் குறி போட்ட பொத்தான் உங்கள் கேமராவிலேயே இருக்கும். வெள்ளை மாட்டுக்குப் பிளஸ் ஒன்று, காரிக்கு மைனஸ் ஒன்று வைத்து எடுத்துப் பாருங்கள். விலை கூடிய கேமராவின் ஒளிமானி இன்னும் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும், ஆனாலும் இந்த இடத்தில் அதுவும் தடுமாறும், கவனித்துத் திருத்த வேண்டியவர் நீங்கள்தான்.

அப்புறம், உங்கள் படங்களில் மாட்டின் நிழல் வயிற்றுக்கு நேர் கீழே கிடக்கிறது. உச்சி வெயிலில் எடுத்திருக்கிறீர்கள். விடிந்து கொஞ்ச நேரத்துக்குள், வெயில் சாய்வாக விழும்போது அதே காளையை எடுத்தால் திமிலும் அலைதாடியும் எழுந்து தெரியும். இதற்குக் காசே வேண்டாம், அலாரம் வைத்தால் போதும்.

வெள்ளோடு வேறு கதை. கருவி முக்கியமே இல்லை, பார்வைதான் எல்லாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குளத்து நடுவில் இருக்கும் நாரையை 55 மி.மீ. லென்ஸில் எந்த மேதையாலும் கிட்டே கொண்டுவர முடியாது, 400 மி.மீ. லென்ஸில் அது ஏழு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் பாருங்கள், அங்கேயும் குறை லென்ஸில்தான் இருக்கிறது. ஃபுல் ஃப்ரேமுக்கு மாறி அதே மி.மீ. லென்ஸைப் போட்டால் படத்துக்குள் பறவை இன்னும் சின்னதாகிவிடும்! உங்கள் 18-55 அந்தக் கேமராவின் சென்சார் முழுவதையும் நிரப்பாது என்பதால் புது லென்ஸுக்கும் தனியாகப் பணம் தேட வேண்டும். நண்பர்கள் இதைச் சொன்னார்களா?

பறவைகள்மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால், ஒருவர் பயன்படுத்திய பழைய 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் குறைந்த விலையில் தேடுங்கள். கல்யாண வீடு, கோயில் மண்டபம் என்று மங்கலான இடங்களில் எடுப்பவராக இருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் போதும், விலையும் குறைவு. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். உங்கள் லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும், இந்த 50 மி.மீ. லென்ஸோ அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எந்தப் படம் கைவிட்டுப் போனது, ஏன் போனது என்று தெரிந்த பிறகு வாங்கும் பொருள்தான் உங்களுக்கு உதவும், தம்பி. தவணை கட்டிக்கொண்டிருக்கும் கேமராவை வெயிலிலும் புழுதியிலும் எடுத்துப்போக உங்களுக்கே மனசு வராது.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரைகள் வரும், கோபியில் இருந்து பக்கம்தான். இப்போது இருக்கும் கேமராவோடு விடியற்காலையில் போங்கள். வெள்ளைக் குதிரை ஒன்று, கறுப்புக் குதிரை ஒன்று எடுத்து, பிளஸ் எவ்வளவு, மைனஸ் எவ்வளவு வைத்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.