உர பாட்டிலில் பூஞ்சை, படிகம், வண்டல்: மீன்தொட்டிச் செடி வளர்ப்போரின் கேள்விகள்

மைக்ரோ உரத்தை (இரும்பு போன்ற நுண்சத்துகள்) பவுடராக வாங்கி நானே கரைத்தேன். சில வாரத்திலேயே பஞ்சு மாதிரி வெள்ளையாக மிதக்கிறது. வடிகட்டி ஊற்றலாமா?

வேண்டாம். அது பூஞ்சை. மீன் உடனே செத்துவிடாது. ஆனால் கரைசலில் எவ்வளவு சத்து மிச்சம் என்று சொல்ல முடியாது. நன்றாக நீர்த்துப் பூந்தொட்டிக்கு ஊற்றிவிடுங்கள். இரும்பைக் கரைசலில் பிடித்து வைக்கும் கீலேட்டுகள் கரிமப் பொருட்கள் என்பதால், மேக்ரோ பாட்டிலைவிட (நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் உள்ளது) மைக்ரோ பாட்டிலில்தான் இந்தத் தொல்லை அதிகம். இரும்பு குளுக்கோனேட் என்றால் இன்னும் சீக்கிரம் வரும்.

புது பாட்டில் எடுங்கள். கொதித்து ஆறிய ஆர்.ஓ. தண்ணீர் 500 மி.லி.யில் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) 0.5 கிராம், பூஞ்சையைத் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட் 0.2 கிராம் கரைத்து, அதன்பின் உரப் பவுடரைச் சேருங்கள். அமிலத்தை விட்டுவிட்டு சார்பேட் மட்டும் போட்டால் பயன் குறைவு, பி.எச். 6-க்கு மேல் போனால் அது பூஞ்சையைத் தடுக்காது. சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போடுகிறவர்கள் உண்டு. அதில் சர்க்கரை இருக்கிறது, பூஞ்சைக்குத்தான் விருந்து!

இன்னொன்று: தொட்டித் தண்ணீர் பட்ட சிரிஞ்சை பாட்டிலுக்குள் விடாதீர்கள். மூடியில் ஊற்றி அளங்கள். மிஞ்சியதைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

மேக்ரோ உரத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன். அடியில் ஊசி ஊசியாகப் படிகம். கெட்டுவிட்டதா?

கெடவில்லை, குளிரில் உப்பு பிரிந்திருக்கிறது. 100 மி.லி. தண்ணீர் 20 டிகிரியில் சுமார் 31 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைக்கும். 0 டிகிரியில் 13 கிராம்தான். பொட்டாசியம் சல்பேட் இன்னும் மோசம், 20 டிகிரியிலேயே 11 கிராம். கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி, படிகம் முழுக்கக் கரையும்வரை குலுக்குங்கள். மேலாகத் தெளிந்ததை மட்டும் ஊற்றினால் இப்போது சத்து குறையும், பாட்டிலின் கடைசியில் அளவு மீறும்.

500 மி.லி.யில் 100 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டிருந்தால் 50 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலில் 10 மி.லி., 100 லிட்டர் தொட்டியில் சுமார் 6 பி.பி.எம். (லிட்டருக்கு 6 மி.கி.) நைட்ரேட் தரும். மேக்ரோவுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை. மைக்ரோவை வைக்கலாம், ஆனால் ஜூஸ் பாட்டில் பக்கத்தில் அல்ல, பெயர் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத தட்டில்.

மேக்ரோ, மைக்ரோ இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்துவிட்டால் வேலை மிச்சம்தானே?

மிச்சமாகாது. பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டாக வண்டல் கட்டும். இரண்டுமே செடிக்குப் போய்ச் சேராது. கம்பெனிகள் விற்கும் ஆல்-இன்-ஒன் உரம் கலங்காமல் இருப்பது, கரைசலை அமிலமாக வைத்து வலுவான கீலேட் சேர்ப்பதால். வீட்டில் இரண்டு பாட்டில்தான் நிம்மதி.

ஜன்னலோரம் வைத்த இரும்பு உரம் நிறம் மாறிவிட்டது.

வெளிச்சம் இரும்புக் கீலேட்டைச் சிதைக்கும். பழுப்பு நிற பாட்டில், அல்லது அலுமினியத் தாள் சுற்றியது போதும். தொட்டிக்குக் கீழுள்ள கப்போர்டு நல்ல இடம். ஆனால் லைட் அடாப்டர், பம்ப் சூடு படும் மூலை கூடாது. உரத்தைத் தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள்.

லிக்விட் கார்பனை (செடிக்குக் கார்பன் தருவதாக விற்கும் திரவம்) இதோடு சேர்த்து வைக்கலாமா?

ஒரே அலமாரியில் வைக்கலாம், ஒரே பாட்டிலில் கூடாது. குளுட்டரால்டிஹைடு உள்ள தயாரிப்பு தோலையும் கண்ணையும் எரிக்கும். வந்த பாட்டிலிலேயே, குளிர்ந்த இருட்டில் இருக்கட்டும். கையுறை போட்டு ஊற்றுங்கள்.

பவுடராகவே வைத்த உரம் கட்டி தட்டிவிட்டது.

நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்பென்றால் உடைத்துப் பயன்படுத்தலாம். ஸ்பூன் கணக்கு இனி ஒத்துவராது, தராசில் நிறுங்கள். ஈரம் தெரிந்தால் முதலில் உலர்த்துங்கள், இல்லையென்றால் தண்ணீரையும் சேர்த்து நிறுப்பீர்கள். பொட்டாசியம் நைட்ரேட் என்பது வெடியுப்பு. கந்தகம், கரித்தூள், எண்ணெய் பக்கத்தில் அந்த டப்பா இருக்கக் கூடாது.