பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருமங்கலத்தில் மாவு மில் நடத்துகிறேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஐம்பது வயதையொட்டிச் சர்க்கரை நோய் வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் அறிமுகமான ஒருவர், எச்சிலைச் சோதித்து ‘மரபணு உணவுத் திட்டம்’ தருவதாகவும், உடன் தரும் பொடியை மூன்று மாதம் சாப்பிட்டால் சர்க்கரை மரபணுவே மாறிவிடும் என்றும் சொல்லி ரூ.18,000 கேட்கிறார். கட்டலாமா? மனைவி இரண்டு மாதக் கர்ப்பிணி. பிறக்கும் குழந்தைக்கும் இந்நோய் தொடருமா?

பதில்: பணத்தைக் கட்ட வேண்டாம். பெற்றோரிடமிருந்து உங்களுக்கு வந்த மரபணுவை எந்தப் பொடியும் எந்த உணவும் மாற்றாது. மாறக்கூடியது, அந்த மரபணு எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதுதான். வைகை அணையில் தேங்கும் நீர் ஒன்றே என்றாலும், எந்த மதகை எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எந்த வயல் நனையும் என்பது அமைகிறது அல்லவா? அதுபோல், டி.என்.ஏ. இழையின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் எனும் சிறு வேதிக்குறிகள் சில மரபணுக்களை அடக்கியும் சிலவற்றை இயங்கவிட்டும் வைக்கின்றன. நம் சாப்பாடும் உழைப்பும் புகைப் பழக்கமும் இக்குறிகளைத்தான் தொடுகின்றன. புகைப்பவர்களின் இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் இக்குறிகள் குறைந்திருப்பதும், பழக்கத்தை விட்ட பின் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருமளவு மீள்வதும் ஐயமின்றி அறியப்பட்டவை. உடற்பயிற்சி செய்யும் தசையில், இரத்தச் சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதத்துக்கான மரபணு கூடுதலாக இயங்குகிறது. பயிற்சியை நிறுத்தினால் சில நாட்களிலேயே அது தளரத் தொடங்கிவிடும். இதைப் பொட்டலத்தில் அடைத்து விற்க முடியாது என்பதுதான் வியாபாரிகளின் சிக்கல்.

அந்த அறிக்கையில் என்ன இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘உங்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம்’ என்றிருக்கும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோதே அது தெரிந்துவிட்டது. அதற்கு மேல் வண்ணப் படங்களும், எல்லாருக்கும் பொருந்தும் காய்கறிப் பட்டியலும், பொடிக்கான விலைச்சீட்டும் இருக்கும். எச்சில் குழாயை வாங்கிச் செல்பவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்க 1994-லேயே சட்டம் இயற்றிய நாட்டில், இப்படி நேரடியாக விற்கப்படும் மரபணுச் சோதனைகளுக்கென ஒரு தனிச் சட்டம் கொண்டுவர யாருக்கும் நேரமில்லை. வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கி, உணவைப் பற்றிப் பேச ஆளில்லாமல் அனுப்பினால், அந்த இடத்தைத் தரகர்தான் நிரப்புவார்.

மரபணுச் சோதனை உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வகைச் சர்க்கரை நோயும் உண்டு. அதைப் பிரித்தறிவது முக்கியம். ஒரே ஒரு மரபணுவின் பிழையால் வரும் ‘மோடி’ (MODY) வகைச் சர்க்கரை நோய், பெரும்பாலும் 25 வயதுக்குள், பல வேளைகளில் ஒல்லியானவர்களுக்கு, தலைமுறை தவறாமல் வரும். இதன் ஒரு பிரிவினருக்கு இன்சுலின் ஊசிக்குப் பதில் சாதாரண மாத்திரையே போதும். இன்னொரு பிரிவினருக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ஆகவே அங்கே சோதனை சிகிச்சையையே மாற்றும். ஆனால் அதையும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். அது இரத்தத்தில் செய்யப்படுவது, உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கப்படுவது அன்று. ஐம்பதில் நோய் வந்த உங்கள் குடும்பம் இதில் சேராது.

உங்களுக்கு வேண்டியது, வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவும்தான். பின்னது 5.7-க்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள், 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் முன்நிலை. அந்த நிலையிலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் முன்நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களிடம் சர்க்கரை நோயாக முற்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோய்க்குரிய மிக வலுவான மரபணு வகையைச் சுமந்தவர்களுக்கும் இந்த மாற்றங்கள் பலனளித்தன.

இரவு பரோட்டாவைக் குறையுங்கள்; இடுப்பளவை 90 சென்டிமீட்டருக்குள் வையுங்கள்; நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். சிறுதானியம் என்பதற்காகக் குதிரைவாலியை உங்கள் மில்லில் மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால், சர்க்கரை விரைவாகவே ஏறும். முழுதாக வேகவைத்து, அளவாக, அவரை, கத்திரியோடு சாப்பிடுங்கள்.

குழந்தைக்கு நோயே தொடரும் என்பதில்லை, வாய்ப்பு தொடரும். ஆயினும் கருப்பை நாட்கள் கணக்கில் வருகின்றன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் நிலவியபோது, கருவான தொடக்கக் காலத்திலேயே அந்தப் பஞ்சத்துக்கு ஆளானவர்களிடம், வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவின் மெத்தில் குறிகள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் குறைந்திருந்தன. எனவே உங்கள் மனைவி சாப்பாட்டைக் குறைக்கவோ அந்தப் பொடியைத் தொடவோ கூடாது. ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் எடுக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள்; அளவு 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் பரிசோதனையில் சரியாக இருந்தாலும், ஆறாம் மாதத்தில் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.