மலேசியாவில் உள்ள மலாக்கா போன்ற சின்ன ஊர் ஒரு காலத்தில் எப்படிப் பெரிய துறைமுகமாக இருந்தது? பிறகு ஏன் மங்கியது?

முதல் காரணம் காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் வரும். வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்கள் வரும். திரும்பிப் போகக் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் வளர்ந்த ஊர் மலாக்கா. சுமார் 1400இல் சுமத்ராவிலிருந்து வந்த இளவரசர் பரமேசுவரா நிறுவியது. வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். தமிழ் வணிகர்களுக்கும் அதில் இடம் இருந்தது. அவர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் இன்றும் வீட்டில் மலாய் பேசுகிறார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், பெண்கள் கெபாயா என்ற மலாய் மேற்சட்டை உடுத்துகிறார்கள்.

1511இல் போர்த்துகீசியர் பிடித்ததும் முஸ்லிம் வணிகர்கள் பலர் அச்சே, ஜோகூர் பக்கம் நகர்ந்தார்கள். என்னைக் கேட்டால் சரிவு அங்கேயே தொடங்கிவிட்டது. 1641இல் வந்த டச்சுக்காரர்களுக்கு பத்தாவியாதான் (இன்றைய ஜகார்த்தா) முக்கியம். அப்புறம் 1786இல் பினாங்கு, 1819இல் சிங்கப்பூர் என்று பிரிட்டிஷ் துறைமுகங்கள் போட்டிக்கு வந்தன. சிங்கப்பூரில் சுங்கவரி வேறு கிடையாது! மலாக்காவிலோ ஆற்றுமுகத்தில் வண்டல் சேர்ந்ததால் பெரிய கப்பல்கள் தள்ளி நின்று படகில்தான் சரக்கு இறக்க வேண்டியிருந்தது.

போர்த்துகீசியர் கட்டிய கோட்டையைப் பிரிட்டிஷார் 1807 வாக்கில் வெடிவைத்து இடித்தார்கள். மிஞ்சியது ஒரே ஒரு வாயில். 2008இல் யுனெஸ்கோ பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து இந்த ஊரையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இப்போது ஊரின் பிழைப்பில் சுற்றுலாவுக்கு முக்கிய இடம் உண்டு.